ஆக்கர் கடைக்குப் போகும் முன் ஒரு பாடம்

இருபது ஆண்டுகளாகக் கணினி புழங்கி வரும் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு பூட்டிய அறை இருக்கும். உடைந்த பெஞ்சு, சுருட்டி வைத்த பழைய வரைபடங்கள், ஆண்டு விழா வளைவின் மூங்கில்கள். இவற்றுக்கு நடுவே முதுகு பருத்த மானிட்டர்கள் நான்கைந்து, மஞ்சள் பாய்ந்த விசைப்பலகைகள், வால் அறுந்த சுட்டிகள். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்த பிறகு இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருப்புப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் தூக்கி எறியவும் முடியாது. அங்கேயே கிடந்து மட்கும். வீடுகளிலும் தட்டச்சு மையங்களிலும் இருந்தவை எடைக்குப் போய்விட்டன. குமரி மாவட்டத்தில் நாங்கள் ஆக்கர் கடை என்போம். மற்ற ஊர்களில் காயலான் கடை.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கு ஒரு தொகுதி போதும்: ஒரு சி.பி.யு., ஒரு விசைப்பலகை, ஒரு பந்துச் சுட்டி, நெகிழ்வட்டுகள் சில, கிடைத்தால் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மீதியை முறைப்படி மின்னணுக் கழிவாக அனுப்பிவிடலாம். அந்த ஒரு தொகுதியை வைத்து ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை என்னென்ன நடத்தலாம், எதைத் தொடக்கூடாது, எதை உடனே காப்பாற்ற வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய கணினிதான் வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு கைபேசியைப் பிரித்தால் மாணவருக்குத் தெரிவது ஒரு மின்கலமும் விரல் அகலப் பலகையும்தான். நினைவகம் எது, செயலி எது என்று சுட்டிக்காட்ட வழியில்லை. 1990-களின் கணினியில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பொருள் இருக்கிறது. திருகாணியைக் கழற்றி, கையில் எடுத்து, அடுத்த பெஞ்சுக்குக் கொடுக்கலாம். பாடநூலில் உள்ள கட்டப்படத்தை மேசைமேல் பரப்பி வைத்தது போல இருக்கும்.

ஒரு கல்லூரிக் கணினியின் மறுபிறப்பு

பாடம் நடத்தப் பயன்பட்ட ஒரு பழைய கணினி எப்படித் தப்பியது என்பதற்கு இங்கிலாந்தில் நல்ல சான்று இருக்கிறது. மாணவர்களுக்கு இதைக் கதையாகவே சொல்லலாம்.

ஹார்வெல் என்ற இடத்தில் உள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1949-இல் ஒரு கணினியைக் கட்டத் தொடங்கினார்கள். 1951-இல் அது வேலைக்கு வந்தது. எடை இரண்டரை டன். எண்களை நினைவில் வைக்க டெகாட்ரான் என்ற வாயுக் குழல்கள் 828 இருந்தன. ஒவ்வொரு குழலிலும் பத்து முனைகள். எந்த முனையில் ஒளிப்புள்ளி நிற்கிறதோ அதுவே அந்த இலக்கம். கணினியின் நினைவில் என்ன எண் இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம்! வேகம் மிகக் குறைவு; ஒரு பெருக்கலுக்கு ஐந்து முதல் பத்து விநாடி ஆகும். கைக்கணக்குப் பொறி வைத்திருந்த கணிதர் ஒருவர் அதனோடு போட்டியிட்டு அரைமணி நேரம் ஈடுகொடுத்தார். அதன்பின் அவர் களைத்து ஓய்ந்தார், இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருமுறை கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆளில்லாமல் விட்டுப்போக, பத்து நாள் கழித்து வந்து பார்த்தபோதும் அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாம்.

1957-இல் அங்கே அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. உடைத்துப் போடாமல், இதை மிக நன்றாகப் பயன்படுத்தப்போகும் கல்லூரி எது என்று ஒரு போட்டி வைத்தார்கள். வுல்வர்ஹாம்ப்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி வென்றது. அங்கே 1973 வரை மாணவர்கள் அதில்தான் நிரல் எழுதக் கற்றார்கள். பிறகு பர்மிங்காம் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1997-இல் அந்த அருங்காட்சியகமும் மூடப்பட, கணினி பிரிக்கப்பட்டுக் கிடங்குக்குள் போய் மறக்கப்பட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் கெவின் முரல். கிடங்கு ஒன்றின் புகைப்படத்தில் ஓரமாகத் தெரிந்த கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்து, இது அதுதான் என்று அடையாளம் கண்டார். காரணம், பதின்பருவத்தில் அதே அருங்காட்சியகத்தில் அதை வியந்து பார்த்திருந்தார். 2009-இல் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்துக்கு அது வந்து சேர்ந்தது. தன்னார்வலர்கள் மூன்று ஆண்டுகள் உழைத்து, 2012 நவம்பர் 20 அன்று மீண்டும் ஓடவிட்டார்கள். முதன்முதலில் கட்டிய பொருள்களோடு இன்றும் இயங்கும் மிகப் பழைய எண்முறைக் கணினி என்று அதைச் சொல்கிறார்கள். சிறுவயதில் அதைப் பார்த்த ஒருவர் இல்லாதிருந்தால் அந்தப் புகைப்படத்தில் இருந்தது வெறும் இரும்புப் பலகைதான்.

நம் நாட்டுக்கும் ஒரு கதை உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவான டிஃப்ராக் 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் கொண்ட அதற்கு 2,048 சொற்கள் கொண்ட நினைவகம். ஒரு சொல்லுக்கு 40 பிட். பெருக்கி, எட்டால் வகுக்கச் சொல்லுங்கள். 10,240 பைட் வரும். சரியாகப் பத்து கிலோபைட்! ஒரு அறையை அடைத்த இயந்திரத்தின் நினைவகம் முழுவதும் இன்று கைபேசியில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்குக்கூடப் போதாது.

பள்ளிகளுக்குக் கணினி வந்தது 1984-இல், மத்திய அரசின் கிளாஸ் திட்டம் வழியாக. தொடக்கத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 250 பள்ளிகள். கொடுத்தது பி.பி.சி. மைக்ரோ என்ற கணினி: நினைவகம் 32 கிலோபைட், பேசிக் மொழி உள்ளேயே இருக்கும். உங்கள் ஊரில் பழைய மேல்நிலைப் பள்ளி ஏதேனும் இருந்தால், ஓய்வுபெற்ற கணித, இயற்பியல் ஆசிரியர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நேர்காணல் எடுக்க இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு நம் மாநிலத்தில் பெரிய மாற்றம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். எல்காட் மடிக்கணினி என்றே ஊரில் பெயர். அவற்றில் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அன்று பன்னிரண்டாம் வகுப்பில் அதைப் பெற்றவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் நம் தொடக்கப் பள்ளிகளுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். பல வீடுகளில் முதல் கணினி அதுதான். எனவே அருங்காட்சியகப் பொருள் என்றால் நூறு ஆண்டு பழமை வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஒரு எல்காட் மடிக்கணினியும் நம் கல்வி வரலாற்றில் ஒரு பக்கம்தான்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புக்கு ஏற்றது பந்துச் சுட்டி. ஆபத்தில்லாதது, பிரிக்க எளிது. அடிமூடியைத் திருகினால் ரப்பர் பூசிய பந்து கையில் விழும். "சாரே, எலிக்க வயித்துல கோலி!" என்றான் ஒரு பையன், அன்று முதல் எங்கள் பள்ளியில் அதற்குக் கோலி எலி என்றே பெயர். பந்து உருளும்போது ஒன்றுக்கொன்று செங்குத்தாக உள்ள இரண்டு உருளைகள் சுழலும். ஒன்று இடவலம், மற்றது மேல்கீழ். உருளையின் நுனியில் பற்கள் வெட்டிய சிறு சக்கரம். அதன் ஒருபுறம் அகச்சிவப்பு விளக்கு, மறுபுறம் உணரி. பல் வந்தால் ஒளி மறையும், இடைவெளி வந்தால் தெரியும். தெரிகிறது, மறைகிறது என்பதையே ஒன்று, சுழி என்று கணினி எண்ணுகிறது. ஐந்தாம் வகுப்புக்கு இதுவரை போதும். எட்டாம் வகுப்பில் இதையே எடுத்து எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று ஆயத்தொலைவுக்குப் போகலாம்.

கணக்கு வகுப்புக்கு நெகிழ்வட்டு. மூன்றரை அங்குல வட்டில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட். நான்கையும் பெருக்கினால் 14,74,560 பைட். இனி ஒரு கேள்வி: இதில் 'தமிழ்' என்ற சொல்லை எத்தனை முறை எழுதலாம்? ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். பரவலாகப் பயன்படும் யு.டி.எஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட் வீதம் 15 பைட். வகுத்துப் பார்த்தால் மீதியில்லாமல் 98,304 வரும். இடைவெளி விடாமல் எழுதினால்தான் இந்தக் கணக்கு. இடைவெளி விட்டால் எவ்வளவு குறையும் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். 'தமிழ்' என்பது மூன்று எழுத்தா, ஐந்து குறியா என்ற வாக்குவாதம் வகுப்பில் கட்டாயம் எழும். தமிழாசிரியரையும் அந்தப் பாடவேளைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யாத வன்தட்டு ஒன்று கிடைத்தால் அது பெரிய வரவு. மூடியைக் கழற்ற நட்சத்திர முனைத் திருப்புளி வேண்டும். உள்ளே கண்ணாடி போல முகம் தெரியும் தட்டு. மேசைக் கணினி வன்தட்டுகள் பல நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்பவை. அதாவது விநாடிக்கு 120. தட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். சுற்றளவு கண்டு 120-ஆல் பெருக்கினால் விளிம்பின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 36 மீட்டர், மணிக்கு 129 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் எந்தப் பேருந்தும் அந்த வேகத்தில் போகாது. சில தட்டுகள், குறிப்பாக மடிக்கணினியில் இருப்பவை, கண்ணாடியால் ஆனவை, வளைத்தால் தெறிக்கும். ஆகவே தட்டை ஆசிரியர்தான் கையாள வேண்டும்.

வன்தட்டுக்குள் பிறைவடிவில் வலுவான காந்தம் இருக்கும். விரலை நசுக்கிவிடும், கவனம். அது நியோடிமியம் கலந்த காந்தம். குமரி மாவட்ட ஆசிரியர்கள் இந்த இடத்தில் நிற்காமல் போகக்கூடாது. நியோடிமியம் அருமண் தனிமங்களில் ஒன்று. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் இருப்பது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தும்புக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதை அறிந்தார். அன்று தேவைப்பட்டது அதிலுள்ள தோரியம், காஸ் விளக்கின் மேண்டில் செய்ய. இன்று அதே கனிமத்தின் அருமண் தனிமங்களுக்குத் தேவை. கையிலுள்ள காந்தம் நம் மணலிலிருந்து போனது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தனிமம் நம் ஊர் மணலிலும் உண்டு என்று சொன்னால் கடற்கரைப் பிள்ளைகள் காந்தத்தைப் பார்க்கும் பார்வையே வேறு. மணல் எடுப்பது பற்றி ஊரில் வலுவான மாற்றுக் கருத்துகள் இருக்கின்றன. எடுத்த காந்தத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக மணலைத் தோண்ட வேண்டுமா என்பது சமூக அறிவியல் வகுப்பில் விவாதிக்கத் தக்கது.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் தலையில் பெரும்பாலும் ஒன்பது ஊசிகள். அலுவலகங்களில் அதன் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், மாணவர்களுக்குப் புதிது. வரைபடத் தாளில் ஒன்பது வரிசை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டங்களைக் கறுப்பாக்கி எழுத்துகளை உருவாக்கச் சொல்லுங்கள். 'ட' இரண்டு நிமிடத்தில் முடியும். 'ப' அதுபோலவே. 'ஞ' வரும்போது தகராறு. 'கீ' எழுதினால் மேலே இடம் போதாது, 'கூ' எழுதினால் கீழே போதாது. தமிழ் எழுத்தை இயந்திரத்தில் ஏற்ற எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது என்று விரிவுரையில் சொல்வதைவிட இது நன்றாக விளங்கும்.

தொடக்கூடாதவை

குழாய் மானிட்டரை மாணவர் யாரும் திறக்கக் கூடாது, ஆசிரியரும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். குழாய் வெற்றிடமானது; உடைந்தால் கண்ணாடி உள்நோக்கிச் சிதறும். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் மானிட்டரைச் செம்புக் கம்பிக்காகக் கல்லால் உடைக்கும் சிறுவர்கள் உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவாவது அந்த அறைக்கு நல்ல பூட்டு வேண்டும். மின்வழங்கிப் பெட்டியும் அப்படியே. அதன் மின்தேக்கிகள் அதிர்ச்சி தரும். வயரை எரித்துச் செம்பு எடுப்பதால் வரும் புகை எவ்வளவு நஞ்சு என்பதையும் வேதியியல் வகுப்பில் சொல்லிவிடுங்கள். உறையில் உள்ள குளோரின் காரணமாக டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் உருவாகின்றன.

பல ஆண்டுகள் கிடந்த கணினியை நேராகச் சுவரில் செருகி ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். முதலில் திறந்து தூசி தட்டுங்கள். எங்கள் பகுதியில் உள்ளே பல்லி முட்டை இல்லாத சி.பி.யு. அரிது. தாய்ப்பலகையில் தலை வீங்கிய மின்தேக்கிகள் இருந்தால் மின்சாரம் கொடுக்க வேண்டாம். மிகப் பழைய பலகைகளில் உருளை வடிவ நிக்கல்-காட்மியம் மின்கலம் இருக்கும். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். காப்பாற்ற நினைக்கும் கணினியில் முதல் வேலை அதைத் துண்டித்து எடுப்பதுதான். கசிந்த இடத்தைச் சிறிது வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யலாம். காரத்தை அமிலம் நடுநிலையாக்குகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள். முதன்முறை மின்சாரம் கொடுப்பது தெரிந்த மெக்கானிக்கின் வேலை. அவர்கள் ஒரு குண்டு பல்பைத் தொடரிணைப்பில் போட்டுச் சோதிப்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்குச்சுற்று.

ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, நடுவில் உப்புக் காற்று என்பது நம் மாவட்டத்தின் வானிலை. தரையில் வைத்தால் கரையானும் ஈரமும் வரும். இரும்பு அலமாரியின் நடுத்தட்டு நல்லது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

உள்ளே இருப்பது

பொருளைவிட அவசரமானது அதற்குள் இருக்கும் எழுத்து. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்த ஆண்டு மலர்கள், வினாத்தாள்கள், நாட்டார் பாடல் தொகுப்புகள், ஊர் வரலாற்றுக் குறிப்புகள் பல பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் தரமாக்கப்பட்டன. ஆயினும் ஆளுக்கொரு எழுத்துரு என்ற நிலை நீடித்தது. 2010-இல்தான் மாநில அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமாகத் தெரியும். குப்பை என்று அழித்துவிடுகிறோம். அது தமிழ்தான், எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றி மூலம் ஒருங்குறியாக்கிவிடலாம். ஆகவே கோப்போடு எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். அது பெரும்பாலும் அதே பழைய கணினியில்தான் இருக்கும். கணினியை அனுப்பிவிட்டு எழுத்துருவைத் தேடினால் கிடைக்காது.

நெகிழ்வட்டைப் படிக்க யு.எஸ்.பி.யில் செருகும் இயக்கி இப்போதும் விலைக்குக் கிடைக்கிறது. செருகும் முன் வட்டின் மூலையில் உள்ள சிறு சதுரத் துளையைத் திறந்துவிடுங்கள். துளை திறந்திருந்தால் அதில் எதுவும் எழுதப்படாது. தகட்டை விலக்கிப் பார்த்துப் பூஞ்சை படர்ந்திருந்தால் செருகவே வேண்டாம். இயக்கியின் தலை கெட்டு, அடுத்து வரும் நல்ல வட்டுகளையும் கெடுக்கும். எடுத்த கோப்பை மூல வடிவிலும் ஒருங்குறி வடிவிலும் இரண்டு இடங்களில் வைத்து, முக்கியமானதை அச்செடுத்து நூலகத்தில் சேருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அலுவலகக் கணினியின் வன்தட்டில் மாணவர் பெயர், சாதிச் சான்று விவரம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும். கோப்பை நீக்கினால் அது உண்மையில் அழிவதில்லை. முழுத் தட்டையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஓட்ட வேண்டும். தட்டு ஓடவே இல்லையென்றால் வகுப்பறைப் பிரிப்புக்கு எடுத்துக்கொண்டு, தட்டுகளைக் கீறிப் பயனற்றதாக்கிவிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் பதிவேட்டு வேலை இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருளைப் பிரிக்கவோ இடம் மாற்றவோ தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கழிவு நீக்கம் செய்ய முதன்மைக் கல்வி அலுவலகத்தின் ஆணைப்படிதான் போக வேண்டும். அந்தப் பட்டியல் தயாரிக்கும்போதே, கற்பித்தல் உபகரணமாகத் தக்கவைப்பவை என்று ஒரு தொகுதியைத் தனியாகக் காட்டிவிட்டால் பின்னால் தணிக்கையில் கேள்வி வராது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும் போட்டுக்கொள்வது நல்லது. மீதியை ஆக்கர் கடைக்குப் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். அவர்களின் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டுப் பெறலாம். களியக்காவிளைக்கு அப்பால், கேரளப் பள்ளிகளின் மின்னணுக் கழிவை அங்குள்ள கைட் நிறுவனமும் கிளீன் கேரளா கம்பெனியும் சேர்ந்து திரட்டுகின்றன. ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் வண்டிச் செலவும் குறையும்.

தக்கவைத்த ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதி வைக்க மாணவர்களிடம் சொல்லுங்கள்: பெயர், தயாரித்த நிறுவனம், பள்ளிக்கு வந்த ஆண்டு, பதிவேட்டுப் பக்க எண், என்ன வேலைக்குப் பயன்பட்டது, யார் பயன்படுத்தினார்கள். கடைசிக் கேள்விக்கு விடை தேடிப் போன எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், அந்தக் கணினியில் முதல் மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்த அலுவலக உதவியாளரை வடசேரியில் கண்டுபிடித்தார்கள். அவர் அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தார், பையில் ஆறு நெகிழ்வட்டுகளோடு.